கார்டு இல்லாத பிள்ளைகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். நீயாவது நலமாக இரு. நாங்கள் இங்கே கோபமாக இருக்கிறோம்.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தைத் தேடினேன் என்று கேட்பாய். நீ கூப்பிடும் நேரம், அங்கே நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்த வயதான பெரியம்மா கண் அசரும் நேரம். நீ கிசுகிசுவென்று பேசுவாய். நான் அப்போது ஏதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் சத்தத்துக்கு நடுவில் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டிருப்பேன். வீட்டிலிருந்து பேசலாம் என்றால் நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் பாப்பா காதைத் தீட்டிக்கொள்வாள். இன்னொன்றும் உண்டு. நான் கோபத்தைப் போனில் சொன்னால் பாதியில் உன் அழுகை வந்து அதை அணைத்துவிடுகிறது. இந்தத் தடவை அது அணையக் கூடாது.

விஷயம் பள்ளிக்கூட நூலகத்தைப் பற்றியது. சிரிக்காதே. முழுதும் படி.

இந்த வருடம் புதிதாக வந்த தலைமை ஆசிரியை ஒரு சட்டம் போட்டார். எல்லாப் பாடத்திலும் தேறியவர்களுக்கு மட்டும்தான் நூலகக் கார்டு. ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலும் கார்டைப் பிடுங்கி ஆபீஸ் மேஜையின் இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். மதிப்பெண் ஏறினால் கார்டு திரும்பி வரும். கதைப் புத்தகம் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சில பெற்றோர் முறையிட்டார்களாம். அவர் உடனே ஆணியும் சுத்தியலுமாகக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு நூலகம் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமில்லை. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்கு ஓட்டம். எடுக்கலாம் என்று அனுமதி உள்ளவன் எடுப்பதில்லை. எடுக்கத் துடிக்கிறவனுக்குக் கார்டு இல்லை. மாடியில் அந்த நீள அறையில் புத்தகங்கள் துணிக்கடை பொம்மைகள் மாதிரி கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. பெற்றோர் கூட்டத்தில், "இந்த வருஷம் ஒரு புத்தகம்கூடத் தொலையல" என்று பெருமை வேறு. ஆளே ஏறாத லிஃப்டும்தான் பழுதாகாது. அதைச் சொல்லி நான் முதலாளியிடம் சபாஷ் வாங்க முடியுமா?

பாப்பாவின் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாளாம். தலை முழுக்கச் சுருள், அதனால் வகுப்புக்கே அவள் சுருட்டை. இதெல்லாம் எனக்குப் பாப்பா சொல்லித்தான் தெரியும். யாரோ ஒரு சிநேகிதி என்று மட்டும் சொன்னாள், அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை என்னிடமும் சொல்லவில்லை. அவளுக்குக் கணக்கு வராது. கார்டு போன அன்று அவள் கையில் ஒரு கப்பல் கதை இருந்திருக்கிறது, தலையணை மாதிரி தடிமன். பாதி படித்திருந்தாள். அப்படியே கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். புயலில் கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போது! "அதுல இருந்தவங்க பிழைச்சாங்களா இல்லையான்னு தெரியாம அவ அன்னிக்கு முழுக்க யார்கூடவும் பேசலப்பா" என்றாள் பாப்பா. மறுநாள் பாப்பா தன் கார்டில் அதே புத்தகத்தை எடுத்துச் சுருட்டையிடம் கொடுத்திருக்கிறாள்.

அங்கே ஆரம்பித்தது. பின்வரிசையில் பேசத் திக்கும் ஒரு பையன், புறா வளர்ப்பு பற்றிய புத்தகம் வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினான். ஒருத்திக்குப் பேய்க் கதை. ஒருவனுக்கு சைக்கிள் ரிப்பேர். நம் வீட்டு மகாராணி தினமும் மத்தியான இடைவேளையில் மாடிக்கு ஏறி, எடுப்பதும் கொடுப்பதுமாக இருந்திருக்கிறாள். நம்மிடம் மூச்சு விடவில்லை. நான் என்னமோ இவள் பை ஏன் இப்படிக் கனக்கிறது என்று பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேள். நூலகக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா? பள்ளியிலேயே அதிகம் படிக்கும் பிள்ளை நம் பாப்பாதான் என்று அது சொல்லிவிட்டது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, சிறந்த வாசகி என்று கோப்பையைக் கையில் கொடுத்திருக்கிறார் தலைமை ஆசிரியை. அதோடு விட்டாரா? மைக்கை நீட்டி, "புறா வளர்ப்பைப் பத்திப் படிச்சிருக்கியே, அதுல உனக்குப் பிடிச்ச விஷயத்தை எல்லாருக்கும் சொல்லு" என்றாராம்.

நீயோ நானோ என்றால் புறா வெள்ளையாக இருக்கும், பறக்கும் என்று எதையாவது உளறிவிட்டு இறங்கியிருப்போம். உன் மகள் நம் இருவரையும் போல இல்லை. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "அதை நான் படிக்கல மிஸ்" என்றிருக்கிறாள்.

"அப்ப எதுக்கு எடுத்தே?"

"வேற ஒருத்தருக்காக."

"யாருக்காக?"

மைதானத்தில் அத்தனை பிள்ளைகள். புறாப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். சுருட்டை எழுந்துகொள்ளப் பார்த்தாளாம். பாப்பா மேடையிலிருந்தே முறைத்து அவளை உட்கார வைத்துவிட்டாள். வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

பரிசு கொடுக்கக் கூப்பிட்ட மேடையிலேயே அவளைத் திருடி போல நிற்க வைத்தார்கள். கார்டும் போயிற்று. யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தாள் என்று கைப்பட எழுதி, மன்னிப்பும் கேட்கும்வரை வகுப்புக்குள் போகக் கூடாது. ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போகிற பெஞ்ச் அது. காய்ச்சல் வந்த பிள்ளையைத்தான் அதில் உட்கார வைப்பார்கள்.

நான் போனேன். உடை மாற்றக்கூட இல்லை. கிரீஸ் படிந்த சட்டையோடேயே போனேன். உட்காரச் சொன்னார். நாற்காலியைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். நான் நின்றே பேசினேன்.

ஒரு புத்தகமாவது தொலைந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். கிழிந்ததா? இல்லை. தாமதமாக வந்ததா? "சார், நாங்க புத்தகத்தைப் பத்திப் பேசல. ஒழுங்கைப் பத்திப் பேசறோம்" என்றார். "நூலகத்துல புத்தகத்தைப் பத்திப் பேசாம வேற எதைப் பத்திம்மா பேசுவீங்க?" என்றேன். அதுவரைக்கும் என் குரல் சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவர் சொன்னார்: "உங்க மனைவி வெளிநாட்டுல இருக்காங்க இல்ல? வீட்ல பார்த்துக்க ஆள் இல்லாதப்ப பிள்ளைங்க இப்படித்தான் ஆகும்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன். குமாஸ்தா ஓடி வந்து கதவைச் சாத்தினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன்னைப் பற்றிப் பேச இவர் யார்? பள்ளிக்கூடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரே ஆள் என் மகள்தான். அவளைப் பார்த்து, பார்த்துக்க ஆள் இல்லாதவள் என்றால் எப்படி இருக்கும்?

படி இறங்கும்போது நூலகர் அம்மா என் பின்னால் ஓடி வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாரே, அவர்தான். "எனக்குத் தெரியும் சார். இந்தப் பொண்ணு யாருக்கு எடுக்கறான்னு ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சேதான் கொடுத்தேன். நல்ல காரியம்தானேன்னு விட்டுட்டேன்" என்றார். அப்படியானால் மேலே வந்து அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். தன் வேலை நிரந்தரமில்லை என்றார். எனக்குத் தலைமை ஆசிரியை மேல் வந்ததைவிட இவர் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. குழந்தை தனியாக நிற்கிறாள். நல்ல காரியம் என்று நினைத்தவர்கள் எல்லாம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அவளைத் திட்டாதே. என்னிடம் சொல்லாததை அவள் உன்னிடம் சொல்வாள். கேட்டுக்கொள். ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல். நான் சொன்னால் அப்பா செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். நீ சொன்னால் நம்புவாள்.

குளிர் அதிகம் என்றாய். அந்தப் பெரியம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். தனியாகத் தூக்காதே.

இப்படிக்கு,
கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன உன் கணவன்


பாப்பாவின் அம்மாவுக்கு,

போன கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்றுத் தலைமை ஆசிரியை என்னை வரச் சொன்னார். இந்த முறை நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். சிரித்த முகம். "உங்க மனைவி போன் பண்ணாங்க சார். எவ்வளவு பொறுப்பா பேசினாங்க தெரியுமா? மகளுக்காக மன்னிப்பு கேட்டாங்க. இதை ஆரம்பிச்சு வச்ச அந்தப் பொண்ணு பேரையும் சொல்லிட்டாங்க. இனிமே உங்க பொண்ணுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. எந்தப் பெண் என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணின் முழுப் பெயரையும் நான் முதன்முதலாகக் கேட்டது அந்த அறையில்தான். எனக்கே தெரியாத பெயர். ஞாயிற்றுக்கிழமை பாப்பா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து, உன்னிடம் அவ்வளவு நேரம் பேசினாளே, அப்போது உன் காதில் போட்ட பெயர். நான் கீழே நின்று, அம்மாவும் மகளும் பேசுகிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். முட்டாள்.

எப்படி மனசு வந்தது உனக்கு? ஊரே சேர்ந்து கேட்டும் வாயைத் திறக்காத பிள்ளை, அம்மாதானே என்று உன்னிடம் திறந்தாள். கடல் தாண்டி இருந்துகொண்டு அதைத் தூக்கிக் கொண்டுபோய் அந்த அம்மாளின் மேஜையில் வைத்துவிட்டாய்.

என்ன நடந்தது என்று நீயும் தெரிந்துகொள். சுருட்டையை வகுப்பின் நடுவிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய அம்மா ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவர். அவரை வேலையிலிருந்து பாதியில் வரவழைத்தார்கள். பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நூலக வாசலை இந்த வருடம் முழுக்க அவள் மிதிக்கக் கூடாது. இன்னொரு தடவை புகார் வந்தால் பள்ளியை விட்டே போக வேண்டியதுதான் என்று தாயிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

அதே நேரத்தில் நம் மகளை வகுப்பில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி, அங்கேயே ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டு, "வேண்டாம் மிஸ்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து ஒருவரும் பேசவில்லை. பின்னே? காட்டிக்கொடுத்தவள் அவள்தான் என்றுதானே வகுப்பு நினைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுகூட வகுப்பு அவள் பக்கம் இருந்தது. நீ காப்பாற்றிய பிறகு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தாள். பையைக் கழற்றாமலே கேட்டாள். "நீங்க சொன்னீங்களாப்பா?"

"இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேரே எனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

பையைக் கழற்றி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கை கால் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

உன் பயம் எனக்குத் தெரியும். பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ, நீ அங்கே பட்டதெல்லாம் வீணாகிவிடுமோ என்று உனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் இல்லாதவர்களுக்குப் பயம் இரட்டிப்பாகத் தெரியும். அதெல்லாம் புரிகிறது. புரிந்தால் கோபம் குறையும் என்று யார் சொன்னது? எனக்குக் கூடித்தான் போயிற்று. அவள் படிக்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் போனவள் நீ. நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்ததற்காக அவளைத் தலைகுனிய வைத்தவளும் நீயா?

நான் சுருட்டையின் வீட்டைத் தேடிப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, பாதியிலேயே நின்றார். கையெல்லாம் சூடு பட்ட தழும்பு. எங்கள் வீட்டிலிருந்துதான் பெயர் போனது, எங்கள் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். "உங்க பொண்ணு மேல எனக்கு வருத்தம் இல்லைங்க. அவ கொடுத்த புத்தகத்தைத்தான் இவ எனக்கு உட்கார்ந்து கதை கதையா சொல்லுவா. ஆனா இனிமே சேர வேண்டாம். என் பொண்ணுக்கு இதை விட்டா வேற பள்ளிக்கூடம் கிடையாது" என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். ஓங்கி அறைந்திருக்கலாம்.

இன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பாப்பா வந்து சொன்னாள்.

முதல் பாடவேளையில் தலைமை ஆசிரியை வகுப்புக்கு வந்து, நம்பிக்கைத் துரோகம், ஏமாற்று என்று பெரிய பிரசங்கம் செய்திருக்கிறார். ஒரு மாணவியின் தவறு என்று அவர் சொன்ன இடத்தில் அந்தத் திக்குகிற பையன் எழுந்துவிட்டான். வகுப்பில் வாய் திறந்து பாடம்கூட ஒப்பிக்காதவன். "நா... நா... நானும்தான் மிஸ்" என்று சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்றாம். யாரும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியையும் பாதியில் நிறுத்த முடியாமல் அவன் முடிக்கும்வரை நின்றிருக்கிறார். "பு... புறா புத்தகம் நான்தான் படிச்சேன். கேள்வி கேளுங்க" என்றானாம்.

அவர் கேட்கவில்லை. அதற்குள் பேய்க் கதைப் பெண் எழுந்தாள். பிறகு சைக்கிள்காரன். பிறகு பாப்பாவுக்கே தெரியாத இரண்டு பேர். கை மாறிக் கை மாறி அவர்களும் படித்திருக்கிறார்கள். கடைசியில் நின்றவர்களைவிட உட்கார்ந்திருந்தவர்கள்தான் குறைவு. அத்தனை பேரையும் எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பார்? சுருட்டையை மத்தியானமே பழைய வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

சந்தோஷப்பட்டுவிடாதே. சட்டம் அப்படியே இருக்கிறது. புத்தகங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லி, தேர்வு முடியும்வரை நூலகத்தையே பூட்டிவிட்டார்கள். யாருக்கும் கார்டு இல்லை என்றால் சண்டையும் இல்லை பார்! நானும் அந்தப் பையனின் அப்பாவும் பேசியிருக்கிறோம். வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். மற்ற பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம். பூட்டு திறக்கும்வரை அந்த ஆபீஸ் பெஞ்சில் நாங்கள் உட்காருவோம். நூலகர் அம்மாவிடமும் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சுருட்டை திரும்பி வந்து பாப்பாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்தாளாம். அவள் அம்மா பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதால் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுருட்டையே அப்படி உட்கார்ந்த பிறகு வகுப்புக்கு இப்போது பாப்பா மேல் சந்தேகம் இல்லை. அப்படியானால் யார் சொன்னது என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டாள். நன்றாகக் கேட்டுக்கொள். உன்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சட்டையைக் கிழித்துக்கொண்டாவது சண்டை போடுவேன். அவளுக்கும் உனக்கும் நடுவில் இருப்பதை நான் சரிசெய்ய முடியாது. அது என் கைக்கு எட்டாது. அவளிடம் நீ படிப்பைப் பற்றிப் பேசாதே, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாதே, உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதே. தப்பு செய்துவிட்டேன் என்று சொல். அம்மா பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்கிறார்கள் என்றாயே, அதற்குப் பதில் சொல்லும் முன் இதைச் செய்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அந்தப் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல். நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்றுதான் இந்தக் கோபத்திலும் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எடுப்பேன். எடுத்து அவளைக் கூப்பிடுவேன். அவள் உடனே வரமாட்டாள். ஏதோ வேலை இருப்பதுபோல அடுத்த அறையிலேயே இருப்பாள். அங்கே யார் உன்னைக் கூப்பிட்டாலும் சரி, யார் மணியடித்தாலும் சரி, அவள் வரும்வரைக்கும் போனை வைத்துவிடாதே.

உன் கணவன்